கல்லறை முற்றத்தில் ஒரு பிரசவம்

போன வருடத்துக்கு முந்திய வருடம், ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இடம், பினாங்குத் தீவின் மேற்குப் பக்கம் பாலிக் பூலாவில், என் அக்கா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சீனர் கல்லறைக் குன்று.

நான் இருப்பது ஜார்ஜ்டவுனை ஒட்டிய சுங்கை பினாங்கில், ஓர் அடுக்குமாடி வீட்டில். நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. அக்கா கல்யாணமானதும் மலையைத் தாண்டிப் போய்விட்டாள். அவளும் மாமாவும் (அக்காவின் கணவரை அப்படித்தான் கூப்பிடுவேன்) மாடு, கோழி, வாழை, மரவள்ளி என்று வாழ்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே ஓடிவிடுவேன். எனக்கு எல்லாவற்றையும் உடனே கற்றுக்கொண்டுவிட வேண்டும். பால் கறக்கப் பழகினேன். அரிவாளால் புல் அறுக்கப் போய் விரலை அறுத்துக்கொண்டேன். மாடு கன்று போடுவதைப் பற்றிக் கைப்பேசியில் கிடைத்த காணொளிகளை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். நான் வாசலில் வண்டியை நிறுத்தினாலே அக்கா ஆரம்பித்துவிடுவாள்: "டாக்டரம்மா வந்துட்டாங்க. மாடுங்கள வரிசையா நிக்கச் சொல்லுங்க."

அந்த வீட்டில் எதை எப்போது செய்வது என்பதை மழைதான் முடிவு செய்கிறது. மத்தியான மழைக்கு முன் புல் அறுத்தாக வேண்டும். ஈரப் புல் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பும். துணி காய்வதே இல்லை, அடுப்பங்கரைக் கம்பியில் தொங்கித் தொங்கிப் புகை வாசம் பிடித்துவிடும். கோழித் தீவனத்தை இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் பூசணம் பூத்திருக்கும். மழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் வாய்க்கால் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வந்து கொட்டகைக்குள் புகும். அப்போது மாடுகளை ஓட்டிக்கொண்டு போக மேடான இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அந்தக் குன்று.

சீனர் கல்லறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது பெரிய சாய்வு நாற்காலி போல இருக்கும். பின்னால் வளைந்த சுவர், நடுவில் பெயர் வெட்டிய கல், முன்னால் சிமென்ட் போட்ட சிறு முற்றம். சுற்றிலும் புல். மாடு மேய்வதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரலை ஒட்டி, குடும்பம் குடும்பமாக வந்து கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைத்துக் கும்பிடுவார்கள். அந்த நாட்களில் மாமா ஒரு மாட்டையும் அந்தப் பக்கம் விடமாட்டார்.

அந்த வாரம் விட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து ஓயாத மழை. கொட்டகையில் முழங்கால் வரை தண்ணீர். "இந்த மழையில எவன் வந்து சாமி கும்பிடப் போறான்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மேலே ஓட்டினார்.

ஞாயிறு காலை பார்க்கப் போனால், கிடாரி ஒன்றை மட்டும் காணவில்லை. அக்கா பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது. தாய் மாடு அதைப் போட்டதும் செத்துப்போயிருந்தது. கிடாரிக்கு இதுதான் முதல் பிரசவம், நாளும் இன்னும் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். தேடினால், குன்றிலேயே பெரிய கல்லறையின் முற்றத்தில் படுத்திருக்கிறது. மூன்று பக்கமும் சுவர், காற்று அடிக்காது. நல்ல இடமாகத்தான் பார்த்திருந்தது. பன்னீர்க்குடம் உடைந்து, சிமென்ட் எல்லாம் வழிந்திருந்தது.

மாமா குனிந்து பார்த்தார். "ஒத்தக் காலுதான் வெளிய தெரியுது. மூக்கும் தெரியுது. இன்னொரு காலு உள்ள மடங்கிக் கெடக்கு." அக்கா மாட்டின் தலைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் வேறோர் ஊரில் வெள்ளத்தின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு முன் முடியாது என்றார். மத்தியானம் வரை கன்று தாங்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். தாய் தாங்குமா என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் குன்றின் மறுபக்கப் படியில் குடைகள் ஏறி வந்தன.

ஒரு சீன அம்மாள், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கூடவே அவர் மகன், மருமகள். கையில் வாளி, பிரஷ், மடக்குக் கூடாரம், மூடி வைத்த சாப்பாட்டுக் கூடைகள். எங்களைப் பார்த்ததும் நின்றார்கள். அந்தப் பெரிய கல்லறை அவர்களுடையது.

"யாரு மாடு இது?" அந்த அம்மாள் மலாயில் கேட்டார். "உள்ள படுத்திருக்கிறது எங்க அப்பா. தெரியுமா உங்களுக்கு?"

மாமா தலையைக் குனிந்துகொண்டே மன்னிப்புக் கேட்டார். கேட்டபடியே கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்டார். "இப்பவே எறக்கிடுறேன் ஆன்ட்டி."

அக்கா தமிழில் பல்லைக் கடித்தாள். "என்னங்க, எறக்கினா செத்துடும்."

"அவங்க சாமி எடம்டி. ரத்தம் கித்தம்னு அசிங்கம் பண்ணலாமா? நம்ம கோயில்ல இப்படின்னா நீ சும்மா இருப்பியா?"

மாமா கயிற்றை இழுத்தார். கிடாரி முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது, வழுக்கி மறுபடியும் விழுந்தது. அதன் முனகலோடு அந்த ஒற்றைக் குளம்பு கொஞ்சம் வெளியே வந்து உள்ளே போனது. அந்த அம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முதல் குட்டியா?"

"ஆமா ஆன்ட்டி."

"நில்லு. கயிற்ற விடு." குடையை மருமகளிடம் கொடுத்தார். "இது அப்பா வீடு. அவரைக் கேக்காம நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

நாங்கள் விழித்தோம். மகன்தான் விளக்கினார். படையல் வைத்ததும், சாப்பிட்டீர்களா என்று இறந்தவரிடம் கேட்பார்களாம். இரண்டு காசைத் தரையில் போட வேண்டும். ஒன்று பூவாகவும் மற்றது எண்ணாகவும் விழுந்தால் ஆமாம் என்று அர்த்தம். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தால் இல்லை.

அந்த அம்மாள் கல்லின் முன் நின்று, மாட்டைக் கையால் காட்டி, ஹொக்கியன் என்ற சீன மொழியில் என்னவோ நீளமாகச் சொன்னார். காசைப் போட்டார். இரண்டும் பூ.

"வேணாங்கிறாரு" என்றார் மகன், எங்களிடம் வருத்தம் தெரிவிப்பது போல.

மாமா கயிற்றுக்குக் குனிந்தார். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டித் தடுத்தார். காசைப் பொறுக்கி மறுபடியும் போட்டார். இரண்டும் எண்.

"அம்மா, தாத்தா ரெண்டாவது தடவையும் வேணாம்னுட்டாரு."

"உங்க தாத்தாவுக்குக் காது மந்தம். இதுல மழைச் சத்தம் வேற." இதை எங்களுக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னார். கல்லுக்கு இன்னும் அருகில் போய், அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போலக் கத்திக் கேட்டார். காசு விழுந்தது. மறுபடியும் பூ, பூ.

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்போ நல்லா கேட்டுடுச்சு லா. கேட்டுத்தான் வேணாங்கிறாரு."

"நீ வாய மூடு. அந்தக் கூடாரத்த எடுத்துட்டுப் போய் மாட்டுக்கு மேல விரி."

மகன் விரித்தார். மருமகள் வாளியையும், கல்லறை கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரையும் எங்கள் பக்கம் தள்ளி வைத்தார். அனுமதி கிடைத்துவிட்டதா, இல்லையா? யாரும் சொல்லவில்லை. மாமா ஒரு கணம் தயங்கினார். அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கை வரை சோப்பைத் தடவினார்.

அவர் கை போகவில்லை. தடித்த கை, கிடாரியோ சின்னது. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் கை மெலிசு. வா."

"என்னங்க, அவளுக்கு வீடியோ மட்டும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியும், கை போகல. வேற என்ன செய்யச் சொல்ற?"

நான் சிமென்டில் குப்புறப் படுத்துக்கொண்டேன். காணொளியில் வராத ஒன்று, உள்ளே இருக்கும் சூடு. இன்னொன்று, மாடு முக்கும்போது வரும் அழுத்தம். கை மரத்தே போய்விடும். மாமா காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தார். அது முக்குறப்போ சும்மா இரு. விட்டதும் கன்னுக்குட்டியை உள்ள தள்ளு. முட்டியைப் பிடி, அப்படியே கீழ போ, குளம்பு வரும். குளம்பை உள்ளங்கைக்குள்ள மூடிக்க, இல்லன்னா தாய் வயித்தைக் கிழிச்சிடும்.

என் கன்னம் ஈரச் சிமென்டில் அழுந்தியிருந்தது. எதுவும் தெரியவில்லை. மழைச் சத்தமும், அக்கா மாட்டிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்ததும் கேட்டன. அவற்றுக்கு நடுவே விட்டுவிட்டுக் காசு விழும் சத்தம். அந்த அம்மாள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் முறை குளம்பு நழுவியது. அடுத்த முறையும். மாடு முக்கின வேகத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம், எப்படி என்று இன்றும் சொல்லத் தெரியாது, குளம்பு உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. மூடிக்கொண்டு இழுத்தேன். மடங்கியிருந்த கால் நிமிர்ந்து வந்தது. மாமா என்னை ஒதுக்கிவிட்டு இரண்டு காலையும் பிடித்தார். அந்த அம்மாளின் மகன் கூடாரக் காலை விட்டுவிட்டு வந்து மாமாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். கன்று வழுக்கி விழுந்தது.

அசையவில்லை.

அக்கா அதன் மூக்கையும் வாயையும் விரலால் வழித்தாள். புல் தண்டு ஒன்றைப் பிடுங்கி மூக்கில் நுழைத்தாள். நெஞ்சைத் தேய்த்தாள். மருமகள் கூடையிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார், அதனாலும் தேய்த்தாள். காசுச் சத்தம்கூட நின்றிருந்தது. கன்று தும்மியது. ஒரு தும்மல், பிறகு இன்னொன்று, பிறகு மூச்சு. அக்கா அப்படியே பின்னால் சாய்ந்து மழையில் மல்லாந்துவிட்டாள்.

"ஆணா, பொண்ணா?" என்றார் அந்த அம்மாள்.

"பொண்ணு ஆன்ட்டி."

"நல்லது."

கிடாரி எழுந்து கன்றை நக்கத் தொடங்கிய பிறகுதான் மாமாவுக்கு முற்றத்தின் கோலம் கண்ணில் பட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து கழுவினார். மகனும் பிரஷால் தேய்த்தார். படையலைப் பரப்பும்போது அந்த அம்மாள், வறுத்த பன்றி இறைச்சித் தட்டோடு அக்காவைப் பார்த்துத் தயங்கினார். "மாட்டுப் பக்கத்துல இத வெக்கலாமா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"உங்கப்பா வீட்டுல உங்கப்பா சாப்பாடு. சொல்றதுக்கு நாங்க யாரு ஆன்ட்டி?" என்றாள் அக்கா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கை மரத்துப் போயிருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாள் அருகில் போய்க் கேட்டேன். "ஆன்ட்டி, அப்பா சம்மதம் சொன்னாரா?"

"சொன்னாரு. கன்னு வெளிய வந்து விழுந்துச்சே, அதுக்குக் கொஞ்சம் முன்ன."

"கடைசி வரைக்கும் வேணாம்னே சொல்லியிருந்தா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டுட்டே இருந்திருப்பேன். சாயங்காலம் வரைக்கும்கூட. அதுக்குள்ள கன்னு பொறந்திருக்கும் லா."

அலுவலகத்திலோ வீட்டிலோ யாராவது முடியாது என்று சொன்னால், உடனே சண்டைக்கு நிற்பது அல்லது எழுந்து வந்துவிடுவது என்று எனக்கு இரண்டே வழிதான் தெரியும். இப்போதும் முதலில் அவைதான் வருகின்றன, ஆனால் தன் அப்பாவின் மரியாதையையும் விடாமல் மாட்டின் உயிரையும் விடாமல் மழையில் குனிந்து குனிந்து காசு பொறுக்கிய அந்த அம்மாளை நினைத்ததும், எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன்.