கிணற்று மோட்டாரும் சிவப்புத் தகரமும்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். சோற்றுப் போசியோடு வந்த என் மனைவி. அவளுடைய தம்பி, படம் போடுகிறவன். அவர்களுடைய பெரியப்பா மகன், காரமடைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டாரைக் கொண்டுவந்தவர். அந்த மோட்டாரை லாரியிலிருந்து இறக்கக் கை கொடுத்த கிளீனர். ஆறாவது ஆள் கிடையாது. எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் பிற்பாடு தாங்களும் நின்று பார்த்ததாகச் சொன்னார்கள். கத்திக்குத்து விழுந்தது என்றுகூடப் பேச்சு கிளம்பியது. அதனால்தான் ஆட்களைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் சின்னப் பட்டறை ஒன்று வைத்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். பயம் எனக்குக் கூடப் பிறந்தது. சுவிட்சை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் மச்சினன் விஷயத்தில் நான் பட்ட பயம் அந்த வகை அல்ல. அதற்குக் காரணம் இருந்தது.

என் மாமனார் வீட்டுக்கும் அந்தப் பெரியப்பா வீட்டுக்கும் பாகம் பிரிந்தபோது நிலம் பிரிந்தது, வீடு பிரிந்தது, மாடுகூடப் பிரிந்தது. கிணறு பிரியவில்லை. அதை எப்படிப் பிரிப்பது? ஒரே கிணறு, அதில் ஒரே மோட்டார், முறை வைத்துத் தண்ணீர். மின்சாரச் செலவு, ரிப்பேர்ச் செலவு எல்லாம் பாதிப் பாதி. ஒரு கோடையில் முறை மாறுகிற விடியற்காலையில், யார் சுவிட்சை எப்போது அணைப்பது என்று இரண்டு வீட்டுக்கும் வாய்ச்சண்டை முற்றியது. கொஞ்ச நேரத்தில் என் மனைவியின் அண்ணன் கிணற்றுப் படிக்கட்டில் தலை உடைந்து கிடந்தார். மண்டை ஓடு தேங்காய்போல் இரண்டாகியிருந்தது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது இறைத்த தண்ணீர் வாய்க்காலில் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. ஆள் விழுந்தது படியில் என்பதால் தண்ணீரில் ரத்தம் சேரவில்லை என்று அன்றைக்கு யாரோ ஒருவர் சொன்னார். அதை ஒரு ஆறுதலாகச் சொன்னார்.

முதலில் இறங்கித் தூக்கியது தம்பிக்காரன்தான். மெட்ராசில் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தவன், லீவுக்கு வந்திருந்தான். தூக்கியபோது அண்ணனின் தலை அவன் முழங்கையில் எப்படிச் சரிந்தது என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இடது முழங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

பெரியப்பா மகன்மேல் போட்ட கேஸ் நிற்கவில்லை. அவர், தான் அந்த நேரத்தில் மேட்டுப்பாளையம் மண்டியில் இருந்ததாகவும், கிணற்றுப் பக்கமே போகவில்லை என்றும் சொன்னார். பார்த்த சாட்சி இல்லை. இருட்டில் கால் இடறிப் படியில் விழுந்தார் என்று கேஸ் முடிந்தது. அவர் வீடு திரும்பி, தன் முறை வந்த அன்றைக்கு மோட்டாரைப் போட்டு வாழைக்குத் தண்ணீர் கட்டினார்.

மச்சினன் மெட்ராசுக்குத் திரும்பவில்லை, அழவும் இல்லை. ஒருநாள் மாட்டுக் கொட்டகையில் அரிவாளை எடுத்து விரலால் கூர் பார்த்துக்கொண்டிருந்ததை என் மாமியார் பார்த்துவிட்டார். "மாப்ள, இவனக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க. ஒருத்தன் மண்ணுக்குள்ள போயிட்டான், இவனும் செயிலுக்குப் போனா நான் எங்க போவேன்" என்றார். கூட்டிக்கொண்டு வந்து, காயில் கட்டி முடித்த மோட்டார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையைக் கொடுத்தேன். பட்டறையில் இருந்த அரிவாள், உளி, ரம்பம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். பள்ளம் அடைக்கப் பட்டி பூசுகிற தகட்டுக் கத்தியை மட்டும் பூட்ட முடியவில்லை. அது இல்லாமல் பெயின்ட் வேலை நடக்காது. அது ஒன்றே போதும் என்று தினமும் நினைத்துக்கொள்வேன்.

சாயங்காலம் வேலை முடிந்த பிறகு பட்டறையின் பின்பக்கம் அவன் படம் போட ஆரம்பித்தான். பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை வெட்டி விரித்த தகரம், கதவு உயரம் இருக்கும். பிரஷ்ஷைத் தொட்டது கொஞ்சம்தான். முதலில் கருப்பு ஜப்பான் என்கிற தார் மாதிரிப் பெயின்ட்டைக் கொட்டினான். அதன்மேல் மோட்டாருக்கு அடிப்பூச்சாக அடிக்கிற ரெட் ஆக்சைடு. அது காய்வதற்குள் புளோ லாம்பின் தீயால் சுட்டான். பெயின்ட் தோல்போலக் கொப்பளித்து வெடித்தது. வெடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் கீறினான். வார்ப்படப் பட்டறையிலிருந்து அள்ளி வந்த மணலைப் பிடிப் பிடியாக வீசி அறைந்தான். சுத்தியலால் பின்பக்கத்திலிருந்து அடித்தான். தகரம் முன்பக்கம் புடைத்து, புடைத்த இடத்தில் பூச்சு கிழிந்து, அடியில் இருந்த கருப்பு வெளியே வந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவேன். மனுசனை அடிக்கிற சத்தம் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும்.

ஒருநாள் கேட்டேன். "மாப்ள, நீ படிச்சவன். ஆளாட்டம், மரமாட்டம் போடத் தெரியும். இது என்னன்னு எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல."

"கிணத்தப் போட்டா கிணறு நல்லாருக்குதுன்னு சொல்லுவீங்க மாமா. அண்ணனப் போட்டா மூக்கு அவராட்டமே இருக்குதும்பீங்க. அன்னைக்கு நடந்ததப் பாக்க மாட்டீங்க."

"இதுல மட்டும் நடந்தது தெரியுதாக்கும்?"

"உங்களுக்கு வயித்தப் பெசையுதுல்லீங்க?"

"ஆமா."

"அவ்வளவுதானுங்க."

அதன்பிறகு அந்தத் தகரத்தைக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி தினமும் பார்க்க ஆரம்பித்தேன். அவன் வாயைத் திறந்து சொல்லாததெல்லாம் அதில் வந்துகொண்டிருந்தது. ரெட் ஆக்சைடு மங்கலான நிறம், காய்ந்த ரத்தத்தின் நிறம். அது பரவியிருக்கிற நாட்களில் அவன் சாப்பிடுவான், ராத்திரி தூங்குவான். துக்கத்தின் நிறம் அது என்று வைத்துக்கொண்டேன். திடீரென்று கடையில் கடன் சொல்லித் தபால்பெட்டிச் சிவப்பு எனாமலை வாங்கி வருவான். மேலிருந்து ஒழுகவிட்டு, ஒழுகுகிறதைத் தகட்டுக் கத்தியால் ஒரே இழுப்பாகக் குறுக்கே இழுப்பான். அந்த இழுப்பில் கை நடுங்கியிருந்தால் எனக்கு நிம்மதி. நேராக, சுத்தமாக இருந்தால் அன்றைக்கு அவனைத் தனியாக விடமாட்டேன். காயிலை முக்குகிற வார்னிஷையும் சில நாள் ஊற்றுவான். தேன் நிறத்தில் அது எல்லாவற்றையும் மூடிக்கொண்டு இறங்கும். அண்ணன் பேச்சை அவனாக எடுத்தது அப்படிப்பட்ட நாட்களில்தான். எனக்குப் படத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே. ஆனால் என் மச்சினன் கொலைகாரன் ஆவானா மாட்டானா என்பது அதில்தான் எழுதியிருந்தது, எனக்கு வேறு வழி இல்லை.

அந்த வருசம் மழை பொய்த்தது. கிணற்று மோட்டார் எரிந்துபோனது.

அந்த மோட்டாருக்கு எப்போதும் காயில் கட்டுவது நான்தான். கூலியில் பாதி இவர்கள், பாதி அவர்கள். சாவு விழுந்த பிறகும் ஏற்பாடு மாறவில்லை, மாற்றவும் வழியில்லை. அவருடைய வாழை காய்ந்தால் என் மாமியாரின் மஞ்சளும் காயும். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற காய்கறி லாரியில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு, அவரே துணைக்கு வந்து இறங்கினார். முன்னால் தெரிந்திருந்தால் மச்சினனை எங்கேயாவது அனுப்பியிருப்பேன்.

"என்னுங்க மாப்ள, சௌக்கியமா இருக்கறீங்களா?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயிலு ஆளக் கொல்லுது."

"வாங்க மச்சான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

கிளீனர் மோட்டாரை இறக்கி வைத்து, "ஏனுங்க, இதுக்குள்ள மோட்டாரு இருக்குதா, மலையக் கீது புடிச்சு வெச்சிருக்கறீங்களா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பெரியப்பா மகன் சிரித்தார். அந்த நேரம் பார்த்து என் மனைவி சோற்றுப் போசியோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மணி, நல்லாருக்கறயா?" என்றார்.

அவள் போசியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பின்பக்கம் சுத்தியல் சத்தம் நின்றது. நான் மோட்டாரின் மூடியைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டு, மச்சினன் வெளியே வராமல் இருக்க வேண்டும் என்று காரமடைப் பெருமாளை வேண்டினேன். அவன் வரவில்லை. இவர்தான் போனார். பெயின்ட் வாடை அடிக்கிற பக்கம் போய் எட்டிப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

தகரத்தில் அன்றைக்குப் புதிதாகச் சிவப்பு இறங்கியிருந்தது. தகட்டுக் கத்தியின் இழுப்பு நேராக இருந்தது. நூல் பிடித்த மாதிரி நேர். அதைப் பார்த்த உடனே அரைஞாண் கயிற்றுச் சாவியைத் தடவிப் பார்த்தேன். மச்சினன் கத்தியோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

"இதென்ன தம்பி, ஆட்டத் தோலுரிச்சுத் தொங்கவுட்டாப்ல இருக்குது?" என்றார் அவர்.

அவன் இடது முழங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் புது மோட்டார் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயின்ட் காய்ந்ததா என்று கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். பார்க்காமல் ஒருவரும் மோட்டாரை எடுத்துப் போகமாட்டார்கள். கை தானாகப் போகும். அவர் கையும் தானாகத்தான் போனது. அந்தச் சிவப்பின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார்.

"காயலயே கண்ணு" என்று சொல்லி, விரலைச் சுவரில் துடைத்தார்.

அடுத்தது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் கண்முன்னால் வரிசையாக வராது. மச்சினன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "நல்லாத் தொட்டுப் பாருங்ணா" என்றான். உள்ளங்கையை விரித்துத் தகரத்தின் உச்சியில் வைத்து, தன் தோளால் அழுத்தி, கீழ்வரைக்கும் இழுத்தான். மணல் ஒட்டிய இடங்களில் கை தோல் உரிந்தது. சுத்தியல் அடித்துக் கிழிந்திருந்த விளிம்பு ஒன்று உள்ளங்கையைக் குறுக்கே பிளந்தது. சிவப்பின்மேல் சிவப்பு இறங்கியது. இரண்டும் ஒரே நிறம் இல்லை, உள்ளே இருந்து வந்தது கருப்பாக இருந்தது. அவர் அலறினார். மற்றக் கையால் துழாவி, கீழே கிடந்த பைப் ரெஞ்சை எடுத்து அவன் தலையைக் குறி பார்த்து அடித்தார். அது காதைக் கிழித்துக்கொண்டு தோளில் இறங்கியது. எலும்பில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பிடியை விடவில்லை. மற்றக் கையில் தகட்டுக் கத்தி எழும்பி அவருடைய தொண்டைக்கு நேராக வந்து நின்றது.

என் மனைவி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. இருவருக்கும் நடுவில் நுழைந்து, ரெஞ்சு பிடித்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. "ஒருத்தன் மண்டைய ஒடைச்சது போதலீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"நானா வம்புக்கு வந்தேன்?" என்று கத்தினார் அவர். கண் அவள்மேல் இல்லை, மாட்டிக்கொண்டிருந்த தன் கையின்மேல் இருந்தது. "அவனும் இப்படித்தான் கையப் புடிச்சான். உடுறா உடுறான்னேன். உட்டானா? உட்டிருந்தா நான் ஏன் அடிக்கறேன்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. மண்டியில் இருந்தவர், கிணற்றுப் பக்கமே போகாதவர், எங்கள் நான்கு பேருக்கு முன்னால் அதைச் சொல்லிவிட்டார். கிளீனர் வாயில் அணைந்துபோன பீடியோடு நின்றான். ரெஞ்சு கீழே விழுந்தது.

மச்சினன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். தொண்டைக்கு நேராக இருந்த கத்தி அசையவில்லை. ஒரு முழு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படியே இருந்தது. என் வாழ்நாளில் நான் பட்ட பயமெல்லாம் சேர்ந்து அந்த ஒரு மூச்சுக்குள் அடங்கும். பிறகு அவன் கையை விட்டான். கத்தியைத் தன் வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்து, பெயின்ட் டப்பாவின்மேல் வைத்தான்.

"அக்கா, அவருக்குக் கைக்குத் துணி குடு" என்றான்.

அவள் போசியைச் சுற்றிவந்த துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். கட்டும்போது அவர் அழுதார். அவள் அழவில்லை. மச்சினனின் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது, அதை யாரும் துடைக்கவில்லை, அவனும் துடைத்துக்கொள்ளவில்லை. கிளீனர்தான் அவரைக் கைத்தாங்கலாக லாரிக்குக் கூட்டிப் போனான்.

போலீசுக்குப் போகவா என்று மனைவியைக் கேட்டேன். "போயி? முடிஞ்ச கேசுன்னு சொல்லுவாங்க. இவன் கத்தி எடுத்தத மட்டும் எழுதிக்குவாங்க" என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பிறகு பேசியதில்லை.

மச்சினன் அந்தத் தகரத்தில் அதன்பிறகு கை வைக்கவில்லை. சிவப்பு எனாமலும் அவன் வாங்கவில்லை. அடுத்துப் போட்ட படங்களில் மோட்டாருக்கு அடிக்கிற சாம்பல் பச்சைதான் இருந்தது. தகரத்தின் விளிம்பு வரைக்கும், நனைந்த துணியால் துடைத்துத் துடைத்து, மெல்லிசாக. அதில் எனக்கு வயிறு பிசையவில்லை. ஆனால் அதிக நேரம் பார்க்கவும் முடியவில்லை.

மெட்ராசில் அவனோடு படித்த ஒருவர் வந்து தகரத்தைப் பார்த்தார். உச்சியிலிருந்து கீழே இறங்கிய அந்த ஐந்து விரல் இழுப்பின் முன் வெகுநேரம் நின்றார். "இந்த ஒரு வீச்சுலதான் படமே இருக்கு. எப்படிப் போட்டே?" என்று கேட்டார். விலைக்கும் கேட்டார். "அது நான் போட்டதில்லீங்க" என்று சொல்லி அவன் தகரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டான். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மோட்டாருக்கு நான் காயில் கட்டிக் கொடுத்தேன். கட்டாமல் எப்படி இருப்பது, மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் அதே லாரியில் திரும்பிப் போய், கிணற்றில் இறங்கி, முறைப்படி இரண்டு தோட்டத்துக்கும் தண்ணீர் இறைத்தது. கூலி நூற்று முப்பது ரூபாய். மாமியார் தன் பங்கை மஞ்சள் விற்ற அன்றைக்கே கொடுத்தனுப்பினார். பெரியப்பா மகனின் பங்கு வரவில்லை. ஆள் அனுப்பிக் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை, மனதும் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கோடை போய்விட்டது, அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

இன்னும் வர வேண்டியது அறுபத்தைந்து ரூபாய்.