சுருளிக்கு அஞ்சிய ஹாரன்

விடிவதற்கு முன்பே அனுமந்தன்பட்டியை ஹாரன் அடித்து எழுப்பிக்கொண்டிருக்கிறார் ஒச்சாண்டி. ஒரு முறை அடித்தால் போதும், தெருநாய்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். ஆனால் ஹாரனும் அவர் வாயும் ஒரே ரகம், ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பட்டாளம் கழித்துப் போட்ட ஜீப் ஒன்றில், கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களைக் கொண்டுபோய் விடுவது அவர் தொழில். வண்டியில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், "எறங்கும்போது எண்ணிக்கிருவோம்" என்பார்.

கைப்பிள்ளையை அழவிட்டு வருகிற பெண்களுக்கு மலை ஏறி முடிகிற வரை பிள்ளை வளர்ப்பில் பாடம் நடக்கும். தாய் ஒளிந்து ஓடக்கூடாது, பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அழுகிற பிள்ளையைத் தூக்கிப்போட்டுப் பிடித்தால் சிரித்துவிடும். பயந்த பிள்ளை என்று உலகத்தில் ஒன்று கிடையாது, எல்லாம் தாய் கொடுக்கிற இடம். இப்படி வளைவுக்கு ஒரு உபதேசம் விழும். அவரோ தன் பிள்ளைகள் தூங்கும்போதே கிளம்பி, அவர்கள் தூங்கிய பிறகு வீடு திரும்புகிறவர். அது வேறு சட்டம்.

இத்தனை ஞானமும் மூத்தவன் கர்ணனை வைத்து வந்தது. கர்ணன் யார் கை நீட்டினாலும் போகிற பிள்ளை. பிள்ளை பிடிக்கிறவன் வந்தால்கூட, எங்கே போகிறோம் மாமா என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டு கூடவே நடப்பான். அதை ஒச்சாண்டி தன் கெட்டிக்காரத்தனம் என்றே நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கையில் மண் போடப் பிறந்தவள் சுருளி. இரண்டரை வயது. ஞாயிறன்று ஜீப் தெருமுனையில் திரும்பினால் ஊர்ப்பிள்ளைகள் ஓடிவந்து தொற்றிக்கொள்ளும். பெற்ற மகள் மட்டும் தாய் அய்யம்மாளின் சேலைக்குள் புகுந்துகொள்வாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவள் அப்பனைக் கண்ணால் பார்ப்பது. அன்றைக்கும் அவர் 'டுர்ர்ர்' என்று ஜீப் சத்தம் போட்டுக்கொண்டே பாய்ந்தால் பிள்ளை என்ன செய்யும், பாவம். ஒருநாள் துரத்திப் பிடித்து, கர்ணனைப் போட்டது போலவே இவளையும் மேலே தூக்கிப்போட்டார். மேலே போனபோதே மூச்சை அடக்கிக்கொண்டாள். கீழே வந்தபோது அவர் சட்டையெல்லாம் மூத்திரம். அடுத்த வாரம் மலையிலிருந்து நேந்திரங்காய் வறுவல் வாங்கிவந்து நீட்டினார். வறுவல் போனது, மகள் வரவில்லை. தாயின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றுகொண்டே ஒற்றைக் கண்ணால் அவரை வேவு பார்த்தாள்.

வண்டிப் பெண்கள் சும்மா விடுவார்களா? இத்தனை நாள் பாடம் கேட்டவர்கள் ஆயிற்றே. இருளம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"ஏண்ணே, ஊருக்கெல்லாம் வைத்தியஞ் சொல்றீக. ஒங்க மக ஒங்கள ஜீப்புக்காரருன்னு சொல்லுதாமே?"

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். அன்று மலை உச்சி வரை உபதேசமும் இல்லை, ஹாரனும் இல்லை. எதிரே வந்த லாரிக்காரன்தான் பாவம், மயிரிழையில் தப்பினான். ஒச்சாண்டிக்கு அந்த வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் தானாக வந்து தன்னைத் தொட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு. வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி மனைவியிடம் நியாயம் கேட்டார். நீதான் செல்லம் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தாய் என்றார்.

அய்யம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "ஒரே வயித்துல பெறந்தா ஒரே கொணமா இருக்கணுமா? கல்யாணமாகி ஒரு வருசம் நான் ஒங்க மொகத்த நிமிந்து பாக்கல. அப்பவும் இப்படித்தான் கத்திக்கிட்டே வந்தீக. அது என்னயக் கொண்டு பொறந்திருக்கு. நீங்க சும்மா இருங்க, அதுவா வரும்."

"சும்மா இருக்கதுன்னா எப்படி?" என்று கேட்டார் ஒச்சாண்டி. கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஆயில் மாற்ற வேண்டும். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, மற்றதெல்லாம் வண்டிக்கு அடியில். நட்டைப் பாதி தளர்த்தியிருப்பார், சக்கரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு சின்னப் பாதங்கள் வந்து நின்றன. ஒரு கால் கொலுசு கழன்று குதிகாலில் கிடந்தது. பாதங்கள் போயின, மறுபடி வந்தன. பிறகு அவருடைய பெருவிரலை யாரோ தொட்டுப் பார்த்தார்கள். சூடா, உயிருள்ளதா என்று சோதிப்பது போல ஒரு கிள்ளு. கால் அசையவில்லை என்றதும் முழங்காலுக்குக் கீழே மெத்தென்று ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது.

"டுர்ர்ர்," என்றது அந்தப் பாரம், மெதுவாக, தனக்குத்தானே.

பதில் 'டுர்ர்ர்' ஒன்று ஒச்சாண்டியின் தொண்டை வரை வந்துவிட்டது. தளர்ந்த நட்டு வழியாகக் கறுப்பு ஆயில் சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் விழுந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவில்லை அவர். கிரீஸ் கையைத் தூக்கித் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.