பிள்ளைகளை டவுனுக்குக் கூட்டிப்போக அக்கா கேட்ட அனுமதி

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இன்றைய திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி அமைதியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆதங்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீடொன்றில் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். சிறுமியாக இருந்தபோது, பிரஜாவுரிமை விஷயமாக அப்பாவோடு மாத்தளைக் கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் கந்தோருக்கு, போனாராம். எந்த ஜன்னலில் கேட்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. வேறு வரிசையில் மத்தியானம்வரை நின்று, ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். "அப்பாவுக்கு மூளை இல்லாம இல்ல. டவுன் எப்பிடி நடக்குதுன்னு அவருக்கு யாரும் சொல்லித் தரல" என்று அக்கா பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்.

எழுபதுகளின் கடைசியில், நாங்கள் படித்த தோட்டப் பாடசாலையிலேயே அக்கா ஆசிரியரானார். ஒருநாள் தபால் கந்தோர் பற்றிய பாடத்தில், முத்திரை எங்கே வாங்குவது என்று கேட்டார். "தொரை பங்களாவுல" என்றது ஒரு பிள்ளை. அந்தப் பள்ளித் தவணையிலேயே வகுப்பைப் பஸ்ஸில் ஏற்றி மாத்தளைக்குக் கூட்டிப்போனார். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு அல்ல. தபால் கந்தோரில் பிள்ளைகளே சிங்களத்தில் கேட்டு முத்திரை வாங்க வேண்டும். அக்கா பின்னால் நிற்பார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கான துண்டுச்சீட்டு எங்கே எடுப்பது, பொலிஸில் முறைப்பாட்டை யாரிடம் சொல்வது என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் விசாரித்து அறிந்தார்கள். மாத்தளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறதே, ரயில் எப்படித் திரும்பும் என்று அவர்கள் கேட்க, ஸ்டேஷன் மாஸ்டர் இறங்கி வந்து எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவதைக் காட்டினார். சில வருடங்கள் இப்படி நடந்தது.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. அதோடு பயணமும் நின்றது. அக்கா ஒவ்வொரு தவணையும் பாடசாலை அதிபரிடம் போய்க் கேட்டார்.

"பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆனா யாரு டீச்சர் பதில் சொல்றது?"

"ஒண்ணும் தெரியாம வளந்து நாளைக்கு ஏதாச்சும் ஆனா, அதுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

"நெலம சீரானதும் பாப்போம்."

ஒருமுறை மட்டும் அனுமதி கிடைத்தது. டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கினார்கள். இவ்வளவு தமிழ்ப் பிள்ளைகள் எதற்கு டவுனுக்குப் போகிறார்கள் என்று கேள்வி. படிப்பதற்கு என்று அக்கா சிங்களத்தில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் படிக்க முடியாதா என்று திருப்பிக் கேட்டார்கள். வெயிலில் நிற்கவைத்துப் பைகளைக் கொட்டிப் பார்த்து, வந்த வழியே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு பெற்றோரும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிற்பாடு, சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் வழியில் தடை இல்லாதபோதும், புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, நேரத்தை வீணாக்க முடியாது என்று பாடசாலையில் சொன்னார்களே, அதை எப்படிப் பொறுப்பது? வேலையிலிருந்து இளைப்பாறும் வரைக்கும் அக்கா கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

புற்றுநோயில் படுத்திருந்தபோது, அக்கா டவுனுக்குக் கூட்டிப்போன முதல் வகுப்புகளில் படித்த செல்வராணி பார்க்க வந்தாள்.

"தம்பிய லயத்த சுத்திவளைச்சு ரவுண்டப்புல புடிச்சப்ப லயமே அழுதுகிட்டு நின்னுச்சுங்க டீச்சர். பொலிஸ்ல யாருகிட்டப் போயிக் கேக்கணும்னு எனக்குத் தெரியும். உங்களோட போயிருக்கேனே. நாந்தான் போயிக் கேட்டுக் கூட்டியாந்தேன்."

அக்கா மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ கூட்டியாந்துட்ட. ஒனக்குப் பொறகு படிச்ச பிள்ளைங்க யாருகிட்ட போயிக் கேட்டிருப்பாங்க?" என்றார். அடுத்த வாரம் அக்கா போய்விட்டார்.

அடக்கத்தன்று அந்த அதிபரும் வந்து பேசினார். மாத்தளை நகரத்தையே வகுப்பறையாக்கியவர் என்று புகழ்ந்தார். கூட்டம் கலைந்த பிறகு, "இன்னும் ஒரு தடவையாச்சும் விட்டிருக்கலாமே சார்" என்றேன். "எனக்கும் மேலிடம் இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், நோயில் பூசுதல் என்னும் அருட்சாதனம் கொடுத்த பங்குத் தந்தைக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செல்வராணிக்கு வேறொரு நன்றி. யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, தன் மகளையும் லயத்துப் பிள்ளைகளையும் அவள் டவுனுக்குக் கூட்டிப்போனாள். தபால் கந்தோரில் அவர்களையே பேச விட்டு, பின்னால் நின்றாளாம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அக்கா இதைப் பார்க்காமல் போனதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தங்கை