கரியும் உப்பும் கைராசியும்

ஒயர்மேன் வேலைல பேஜாரு இன்னான்னா, ஒழுங்கா செஞ்சா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணுமே நடக்கலன்னா நம்ம மூஞ்சி எவனுக்கும் ஞாபகம் இருக்காது. ஒயரு, பைப்பு, பூட்டுன்னு அடுத்தவங்க வூட்ல பூந்து வேல செய்யற அல்லாரும் இத பட்டிருப்பீங்க. நானு பட்டது திருவண்ணாமலைல, செங்கம் ரோட்டுல, ஒரே காம்பவுண்டுக்குள்ள வரிசையா இருந்த எட்டு வாடக வூட்ல. எழுவத்தெட்டு, எழுவத்தொம்போது வாக்குல இருக்கும்.

பத்து ரூவா

அந்த எட்டு வூடும் கீழ்பென்னாத்தூர்ல ரைஸ்மில்லு வச்சிருந்த ஒருத்தரோடது. வருசா வருசம் தீபத்துக்கு முன்னால, மழ புடிக்கறதுக்குள்ள, எட்டு வூட்லயும் ஒயரிங் செக் பண்ணணும். ஆறு வருசமா நான்தான் பண்ணேன். வூடு வூடா பூந்து, சுவிச்சு பொட்டிய கழட்டி, உள்ள குடும்பம் நடத்தற கரப்பாம்பூச்சிய காலி பண்ணி, பீஸ் கட்டைய உருவி பாத்து முடிக்கறதுக்கு ஒரு நாள் பூரா ஆயிடும். அடிக்கடி பீஸ் போவுதுன்னு அந்த கட்டைல துணி காயப்போடற கம்பிய சுத்தி வச்சிருப்பாங்க. அத பிடுங்கி எறிஞ்சா நமக்கு திட்டு. திட்டோட சேத்து மொத்தம் பத்து ரூவா வாங்குவேன்.

ஏழாவது வருசம் ஓனரு சம்பத்துன்னு ஒருத்தன கூப்டுட்டாரு. அவன் வேலூர்ல தொழில் படிச்சி லைசென்சு வாங்கினவன். நானு அஞ்சாவதோட பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்புடு போட்டவன். அவனுக்கு வெள்ள சட்ட, பாக்கெட்ல டெஸ்டரு, கால்ல ஷூவு. ரேட்டு அம்பது ரூவா. எனக்கு வயிறு பத்திக்கிச்சி. நேரா ஓனராண்ட போயி, "இன்னா மொதலாளி, நானு பத்துக்கு பாக்கற வேலய அவன் அம்பதுக்கா பாக்கறான்?"னு கேட்டேன். மனுசன் பேப்பர மெதுவா மடிச்சி வச்சாரு.

"பத்து ரூவாய்க்கு பாக்கறவன் இன்னாத்தப்பா பாத்திருக்கப் போற?"

கைப்பிடி பொட்டி

அவன் அப்பிடி இன்னாதான் பாக்கறான்னு, எதிர்ல டீக்கடைல போயி ஒக்காந்தேன். வந்ததும் அவனுக்கு நாற்காலி போட்டாங்க. ஆறு வருசத்துல எனக்கு ஒக்கார கெடச்சது ஏணிப்படி மட்டும்தான். அவன் பைக்குள்ளேர்ந்து, ஒயர்ல கசிவு இருக்குதான்னு காட்டற, கைப்பிடி வச்ச கருப்பு பொட்டி ஒண்ண எடுத்தான். கரகரன்னு சுத்தினான். உள்ள முள்ளு ஆடிச்சி. எட்டு வூட்டு ஜனமும் தேர் பாக்கற மாதிரி சுத்தி நின்னுச்சி. பொட்டிலேர்ந்து வந்த ரெண்டு ஒயரும் அவன் மடி மேலயே கெடந்துது. எதுலயும் மாட்டல. நானு ரெண்டாவது டீ குடிக்கறதுக்குள்ள எட்டு வூடும் முடிஞ்சிபோச்சி. அப்பால அவனுக்கு எவர்சில்வர் டம்ளர்ல காப்பி வந்துச்சி, மேல நுரையோட. அம்பது ரூவா கூட தாங்கிக்குவேன், அந்த நுரைய தாங்க முடியல.

அஞ்சாம் வூட்ல கஸ்தூரி அக்கா குடியிருந்தாங்க. ஆசிரமத்து பக்கம் ரூம் எடுத்து தங்கற வெள்ளக்காரங்க துணிய கரண்ட்டு பொட்டில தேச்சி குடுத்து பொழைக்கறவங்க. அவங்களாண்ட போயி, "யக்கா, அவன் ஒயர எதுலயுமே மாட்டலியே, கவனிச்சீங்களா?"ன்னேன். என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க.

"ஆறு வருசமா ஒரு தடவ கூட சுத்தாமலே காசு வாங்கினு போயிருக்கியே மூர்த்தி, நல்லா இருப்பியா நீ?"

வயித்தெரிச்சல்

ஒரே ஒரு தப்பு கண்டுபுடிச்சி ஓனராண்ட காட்டிட்டா எட்டு வூடும் திரும்பி நம்ம கைக்கு வந்துடும்னு கணக்கு போட்டேன். மறுநாள் மத்தியானம், போன வருசம் விட்ட ஸ்பேனர தேடற மாதிரி காம்பவுண்டுக்குள்ள பூந்தேன். குளியலறைக்கு பின்னால எர்த்து குழி. எங்கியாவது கரண்ட்டு கசிஞ்சா மனுசன் மேல பாயாம மண்ணுக்குள்ள எறக்கி விடற கம்பி அங்கதான் பொதைஞ்சி இருக்கும். பாத்தா, போன வருசம் முழுசா இருந்த கம்பி துரு புடிச்சி அறுந்து தொங்குது. எனக்கு பொண்ணு பொறந்தப்ப கூட அவ்ளோ சந்தோசம் வரல. அடுத்த பஸ் புடிச்சி கீழ்பென்னாத்தூரு போயி ஓனர கையோட இட்டாந்துடணும்னு கெளம்பினேன்.

அஞ்சாம் வூட்டு வாசல்ல கால் நின்னுபோச்சி. உள்ள கஸ்தூரி அக்கா துணிக்கு தண்ணி தெளிச்சி தெளிச்சி தேய்க்கறாங்க. தரையெல்லாம் ஈரம், வெறுங்காலு. மலை மேல மேகம் வேற கறுத்துக்கினு நிக்குது. நானு பஸ் புடிச்சி போயி வர்றதுக்குள்ள தேய்ப்பு பொட்டில கரண்ட்டு கசிஞ்சா? சம்பத்த வாய்க்கு வந்தபடி திட்டிக்கினே திரும்பினேன். கடைல கரியும் கல்லுப்பும் என் காசுல வாங்கியாந்தேன். கம்பிய முறுக்கி சேத்து, குழிய தோண்டி, ஈரம் காயாம இருக்க கரி ஒரு வரிசை உப்பு ஒரு வரிசைன்னு கொட்டி, தண்ணி ஊத்தினேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு தடவ, "டேய் சம்பத்து, நாசமா போடா." நிமுந்து பாக்கறேன், எட்டு வூட்டு ஜனமும் பின்னால நிக்குது. வயித்தெரிச்சல்ல நானு அவனுக்கு சூனியம் வைக்கறேன்னு முடிவே பண்ணிட்டாங்க. கஸ்தூரி அக்கா குழிய எட்டி பாத்தாங்க.

"கரி இருக்குது, உப்பு இருக்குது, வாயில அவன் பேரும் இருக்குது. எலுமிச்சம்பழம் எங்கடா, மறந்துட்டியா?"

நம்ம ஆளு

ஆள் விட்டு ஓனர இட்டாந்துட்டாங்க, சம்பத்தையும் இட்டாந்துட்டாங்க. எட்டு வூடு போனாலும் பரவால்ல, சூனியக்காரன்னு பேரு வந்துட்டா இந்த ஊர்ல எவன் என்ன வூட்டுக்குள்ள விடுவான்? "எர்த்துக்கு கரியும் உப்பும் போடணுமா வாணாமா, அவனையே கேளுங்க மொதலாளி"ன்னேன்.

சம்பத்து குழிய பாத்தான். நானு புதுசா முறுக்கின எடத்தையும் பாத்தான். அவனுக்கு புரிஞ்சிபோச்சி. வாணாம்னு சொன்னா நானு காலி. போடணும்னு சொன்னா, நீ இன்னாத்துக்கு பாக்கலன்னு அடுத்த கேள்வி வரும். வெள்ள சட்டைல முதுகு பூரா வேர்வ. கடைசில என் தோள்ல கைய போட்டு, "நான்தான் போட சொன்னேன் மொதலாளி. இவரு நம்ம ஆளுதான்"ன்னான். நானு வாய தெறந்தேன். எட்டு வூட்டு கண்ணும் என் மேல இருந்துது. மூடிக்கினேன். ஓனரு மொகத்துல அப்பதான் சிரிப்பு வந்துச்சி.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாப்பா? ஒன் ஆளுன்னா தாராளமா நம்பலாம்."

நுரை

தீபத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப செம மழ. கஸ்தூரி அக்கா தேச்சிக்கினு இருக்கறப்பவே பொட்டிக்குள்ள டப்புன்னு ஒரு சத்தம். பீஸ் போயி வூடு இருட்டாயிடுச்சி. அவங்களுக்கு ஒண்ணும் ஆவல. ஓனரு வந்து அல்லாரு முன்னாலயும் "சம்பத்தோட கைராசி"ன்னு சொல்லி, அவனுக்கு ஒரு வேட்டி எடுத்து குடுத்தாரு. பீஸ் போட மட்டும் "நம்ம ஆள" அனுப்பினாங்க.

அந்த தேய்ப்பு பொட்டிய நானு கழட்டி பாத்தேன். உள்ள ஒயரு வெந்து இரும்பு மேலயே ஒட்டிக்கினு இருக்குது. பொட்டிய திருப்பி அக்காவாண்ட காட்டினேன். "இன்னாடா?"ன்னாங்க அக்கா. "எர்த்து இல்லன்னா அன்னிக்கு கரண்ட்டு ஒங்க வழியாதான் போயிருக்கும் யக்கா. அந்த குழில எறங்கிடுச்சி"ன்னேன்.  அக்கா உள்ள போயி காப்பி கொண்டாந்தாங்க. எவர்சில்வர் டம்ளரு, மேல ரெண்டு வெரக்கட நுரை. பக்கத்து வூட்டுக்கு கேக்காத மாதிரி சொன்னாங்க:

"அடுத்த வருசமும் வந்து அந்த சூனியத்த வச்சிட்டு போப்பா."

அந்த காம்பவுண்டுல இன்னி வரைக்கும் ஒருத்தருக்கும் ஷாக் அடிக்கல, அல்லாம் சம்பத்தோட கைராசின்னு ஊரே பேசுது, அத கேக்கறப்பல்லாம் எனக்கு மட்டும்தான் எர்த்து இல்லாத தேய்ப்பு பொட்டி மாதிரி சுரீர்னு அடிக்குது.