வெள்ளிக்கிழமை மட்டும் சமர்த்தாக இருந்த பெட்டி

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, நான் என் வீட்டுக் கூடத்தில் நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். தலையில் மிலிட்டரி ஹெட்போன். கையில் ஸ்க்ரூ டிரைவர். தரையெல்லாம் தண்ணீர். என் மனைவி கமலா வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஏதோ பைத்தியம் பிடித்த வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அன்று எங்கள் வீட்டில் நடந்தது சுத்தமான சயின்ஸ். அது சயின்ஸ்தான் என்பது எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது... அது வேறு விஷயம்.

என் ரேடியோப் பைத்தியம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குப் புதிதில்லை. பகலில் செங்கல்பட்டு ஜங்ஷனில் கூட்ஸ் குமாஸ்தா. வீட்டுக்கு வந்தால் வால்வ், கண்டென்சர், ஈயம். கம்பிகளை ஈயத்தால் ஒட்டி சால்டரிங் செய்கிற செப்புக் கட்டியைக் காய்ச்சுவதற்குக் கமலாவின் அடுப்புதான். தோசைக்கல்லுக்கும் என் செப்புக் கட்டிக்கும் நடக்கிற சண்டையில் எப்போதும் தோசைக்கல்தான் ஜெயிக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி காசிம் பாய் இருக்கிறார். பஜாரில் ஜவுளிக்கடை. சொந்த ஊர் சதுரங்கப்பட்டினம். கடலோரத்தில் வளர்ந்த ஆள் என்பதால் சாதாரணமாகப் பேசினாலே எதிர்ச்சாரிக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். இரண்டு வருஷமாகக் காது மந்தம் வேறு. அப்புறம் கேட்க வேண்டுமா?

அவருக்கு ஒரே மகன், ஜமால். நல்ல குரல். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கஜக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அத்தா, நான் பாடப் போறேன்" என்று மெட்ராஸுக்குப் போய்விட்டான். பாய் பஜார் நடுவில் நின்று, "எனக்குப் பாடற புள்ளயே கெடையாது" என்று சொன்னார். அவர் குரலுக்கு அது பஜார் முழுக்கக் கேட்டது. இப்படி ஊரறியச் சொன்ன பிறகு ஒரு மனிதர் எப்படித் திரும்பி வருவது? ரகசியமாகச் சொல்லியிருந்தால் ரகசியமாக மாற்றிக்கொண்டிருக்கலாம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பாய் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, ரேடியோல பருத்தி வெல சொல்றானாமே... எனக்கு அத்தக் கேக்கணும். ஆனா வெளில ஒரு பொட்டு சத்தம் போவக்கூடாது. யாவார விசயம் பாரு" என்றார், தெருக்கோடி வரை கேட்கிற குரலில்.

பருத்தி விலை பேப்பரிலேயே வருகிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளேயிருந்து கமலா இருமினாள். எங்கள் வீட்டில் இருமலுக்கு அர்த்தம் உண்டு. வாயை மூடிக்கொண்டேன்.

பாய் போன பிறகு அவள் சொன்னாள். "இன்னா பருத்தி வெல? சித்திரை மாசம் ஜமால் மெட்ராஸ் ரேடியோல பாடப் போறானாம். செவ்வாக்கெயம சாயங்காலம் ஆறரைக்கு, கால் மணி நேரம். அவங்க அம்மாவுக்குக் கடுதாசி போட்டுகீறான். மனுசன் வூட்டுக்குள்ள யாருக்கும் தெரியாம கேக்கணும்னு தவியா தவிக்கிறாரு. நீங்க ஒண்ணியும் தெரிஞ்சாப்பல காட்டிக்காதீங்க."

புரிந்துவிட்டது. பாய்க்குக் கேட்கிற மாதிரி ரேடியோவை வைத்தால் பஜாருக்கே கேட்கும். பஜாருக்குக் கேட்காத மாதிரி வைத்தால் பாய்க்குக் கேட்காது. வெறும் ஹெட்போனை மாட்டிப் பார்த்தோம் — "கொசு பாடறாப்பல கீது" என்று கழற்றிவிட்டார். ஆக, ஹெட்போனுக்கென்றே தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சத்தம் பெரிதாக இருக்க வேண்டும். அதே சமயம் சுத்தமாகவும் இருக்க வேண்டும். மகன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பதுகூடத் தெரிய வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்த சர்க்யூட்டை நோட்டில் காப்பி செய்துகொண்டேன். மூன்று வால்வ். இரண்டு சத்தத்தைப் பெருக்க, ஒன்று கரண்ட்டைச் சீர்படுத்த. மெட்ராஸ் பழைய சாமான் கடைகளில் நாலு ஞாயிறு அலைந்தேன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, தட்டி, மட்டமாக்கி அடித்தளம் செய்தேன். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் நானே சுற்றுவது என்று வீம்பு. செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். ஆயிரத்து நூற்றுப் பதினேழு... ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு... "ஏங்க, ரசத்துக்குப் புளி ஊற வெச்சுடவா?" அவ்வளவுதான், கணக்கு போயிற்று. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ரசம் வைப்பதற்கே தடை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டி முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் போகுமுன் ரேடியோவோடு இணைத்து ஹெட்போனை மாட்டினேன். அடடா! வீணைக்காரர் விரலை நகர்த்துகிற சத்தம்கூடக் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. சாயங்காலம் பாயும் மாட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"தம்பி, நீ பெரிய ஆளுபா" என்றார். நானும் அதை மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டேன். ம்ம்ம்ம்ம்ம்ம்... பாட்டு எங்கேயோ தூரத்தில். காதுக்குள் முழுக்க ஒரு வண்டு.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் கஷ்டகாலம். வால்வுக்குப் போகிற கம்பிகளைப் பிரித்து, ஜடை மாதிரி ஒன்றோடொன்று முறுக்கினேன். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்தேன். சிகரெட் பெட்டியில் வரும் ஈயத்தாளைச் சேர்த்து உள்கம்பிகளுக்குச் சுற்றினேன். திங்கள், செவ்வாய், புதன் — வண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. வியாழன் சாயங்காலம் ஒரு கண்டென்சரை மாற்றினேன். வெள்ளிக்கிழமை காலையில் போட்டால், சுத்தம். பளிங்கு மாதிரி!

"கண்டென்சர்தான்" என்று கமலாவிடம் மார்தட்டினேன்.

ஞாயிறு, மறுபடி ம்ம்ம்ம்.

அடுத்த வியாழன் வேறொரு வேலை செய்தேன். வெள்ளி, சுத்தம். ஞாயிறு, வண்டு. இப்படி நாலு வாரம்! நாலு வெள்ளிக்கிழமையும் நான் ஜெயித்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமையும் தோற்றேன்.

கமலா இதற்கெல்லாம் அசரவில்லை. "நான் வெள்ளிக்கெயம காலைல விளக்கேத்திட்டு உங்க பொட்டிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வெச்சுகினு வரேன். அதான் அன்னிக்கி சமத்தா கீது" என்றாள்.

பாய் ரகசியக் குரலில் — அதாவது இரண்டு வீட்டுக்கு மட்டும் கேட்கிற குரலில் — சொன்னார்: "தம்பி, யாராண்டயும் சொல்லாத. நான் ஜும்மா தொயுதுட்டு வரசொல்ல, இந்தப் பொட்டிக்காவ ஒரு துவா பண்ணிட்டுதான் வரேன்."

"இது காலையிலேயே நன்றாக இருக்கிறதே பாய்" என்றேன்.

"போன வாரத்து துவா" என்றார்.

அவர்களைச் சொல்லி என்ன? நான் மட்டும் என்ன வாழ்ந்தது? அவள் குங்குமம் என்றாள், அவர் துவா என்றார், நான் கண்டென்சர் என்றேன். ஒரு காரியம் தானாகச் சரியாகிவிட்டால் போதும், நம் கை கடைசியாக எதைத் தொட்டதோ அதற்கு மாலை போட்டுவிடுகிறோம். ஆபீஸிலும் இப்படித்தான். சரக்கு வேகன் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் அது கூட்ஸ் குமாஸ்தாவின் சாமர்த்தியம். வராவிட்டால் என்ஜின் கோளாறு.

சிரிப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜமால் பாடப் போவது செவ்வாய்க்கிழமை!

அந்தச் செவ்வாய் வந்தே விட்டது. ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானத்திலிருந்து பெட்டியைக் குடைந்தேன். வண்டு போகவில்லை. மணி நாலே முக்கால். ஆறு மணிக்குப் பாய் வந்துவிடுவார், பருத்தி விலை கேட்க. ஆறு வருஷமாகக் கேட்காத குரல். கால் மணி நேரம்தான், அப்புறம் எப்போதோ. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

கமலா என் எதிரே வந்து நின்றாள். "ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. வெள்ளிக்கெயமைக்கு இன்னான்னா பண்றமோ, அத்தயெல்லாம் இன்னிக்கே பண்ணிப் பாத்தா இன்னா கெட்டுப்பூடும்?"

"என்ன வேண்டுமானாலும் பண்ணு" என்றேன் வெறுத்துப்போய்.

பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். விளக்கேற்றினாள். வண்டு ரீங்காரமிட்டது. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு கழுவிவிட வேண்டும். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விட்டதால் மற்ற நாளில் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு முழுக் கழுவல்.

பெட்டிக்குள் ஓடுவது இருநூறு வோல்ட்டுக்கு மேல். நான் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டேன்.

முதல் வாளி. ம்ம்ம்ம்ம். இரண்டாவது வாளி. ம்ம்ம்ம். மூன்றாவது வாளித் தண்ணீர் கூடத்தில் ஓடி, சுவர் மூலையிலிருக்கும் ஜலதாரை வழியாகச் சந்தில் விழுகிற சத்தம் கேட்டது. அட, எனக்கு எப்படிக் கேட்டது? ஹெட்போன் அல்லவா மாட்டியிருக்கிறேன்? அப்போதுதான் உறைத்தது — வண்டு சின்னதாகிக்கொண்டிருக்கிறது. நாலாவது வாளிக்கு முணுமுணுப்பு. ஐந்தாவது வாளிக்கு... ஒன்றுமில்லை.

கமலா கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் ஒரு நிமிஷம் கும்பிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, எர்த் குழாய்!

ரேடியோவிலிருந்தும் ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் ஒரு கம்பி பூமிக்குள் போக வேண்டும். அதைத்தான் எர்த் என்கிறோம். அந்த மண் ஈரமாக இருந்தால்தான் இரைச்சல் அதன் வழியாக இறங்கிப் போகும். மண் காய்ந்துவிட்டால் அது காதுக்கே திரும்பி வரும். ரேடியோ வாங்கிய மழைக்காலத்தில் சந்தில் பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயைப் புதைத்தவன் நானேதான். எங்கே? ஜலதாரைக்கு நேர் கீழே. மழையில் அது பிரமாதமாக வேலை செய்தது. பங்குனி வெயிலில் காய்ந்து சுக்காகிவிட்டது. வெள்ளிக்கிழமை வீடு கழுவினால் நனைகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்துவிடுகிறது. நாலு வாரம் நான் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியதெல்லாம் தண்டம்.

கமலாவிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப நான்தான் சரி பண்ணேன்?" என்றாள். நான் குடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

பாய் ஆறுக்கே வந்துவிட்டார். சலவை வேட்டி, அத்தர் வாசனை. பருத்தி விலை கேட்க யாராவது அத்தர் போட்டுக்கொண்டு வருவார்களா? அவரை உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டேன். இனி அறையில் ஒரு சத்தமும் கிடையாது. எனக்கும் கேட்காது. பாய்க்கு மட்டும்தான். மண் காய்ந்துவிடாமல் நனைக்க, கமலா குடத்தோடு சந்தில் போய் எர்த் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஆறரை.

பாயின் முகம் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்... முட்டியின் மேல் விரல் மெள்ளத் தாளம் போட ஆரம்பித்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. ஹெட்போன் மாட்டியவனுக்குத் தன் குரல் தனக்குக் கேட்காது. அதிலும் பாய்க்கு...

"தம்பீ, இன்னா இழுப்பு இழுக்கறான் பாரு!"

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் கண்தான் மூடியிருக்கிறதே.

"மூச்சு வுடாம போறாம்பா... அவுங்கம்மா நெஞ்சு அவனுக்கு. அடேய் ஜமாலு, மெதுவா, மெதுவாடா... ஆங், அப்பிடி..."

தெருவில் ஒவ்வொருவராக நின்றார்கள். தையற்கடைக்காரர், அவருக்குப் பின்னால் பூக்காரம்மா, சைக்கிளில் போனவர் இறங்கி... ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர். யாரும் சிரிக்கவில்லை. பாட்டில் ஒரு எழுத்துகூட அவர்களுக்குக் கேட்கவில்லை. பாயைத்தான் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கால் மணி நேரம் முடிந்தது. பாய் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் திறந்தார். ஜன்னல் முழுக்க முகம். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தையற்கடைக்காரர்தான் மெதுவாகக் கேட்டார். "இன்னா பாய், பருத்தி ஏறிச்சா?"

பாய் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "பருத்தி கெடக்குது போ" என்றார். "எம் புள்ள பாடினான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரு கார்டு எடுத்து எய்து. ரெண்டாவது பாட்டுல கொஞ்சம் எளைச்சாப்பல கேக்குது, ஒயுங்கா சாப்புடறானான்னு தெரியல. அத்தா வரச் சொன்னாரு, வூட்டுக்கு வந்து சோறு துன்னுட்டுப் போடான்னு எய்து."

எழுதி, அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டேன் — பாய் அதைச் சொன்ன சத்தத்துக்குக் கார்டே தேவையில்லை, மெட்ராஸில் பையன் அப்போதே பெட்டி படுக்கையைக் கட்ட ஆரம்பித்திருப்பான்.