மிளகுக்குள் வைத்த பவர்

நேற்று ரிமோட் பேட்டரியை மொட்டைமாடி வெயிலில் வைக்கப் போனேன். பக்கத்து வீட்டார் காயப்போட்டிருந்த மிளகின் வாசம், வெள்ளைக்காரன் காலத்துக் கொல்லிமலைக்கே என்னைக் கூட்டிப்போய்விட்டது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். பவர் என்ற இங்கிலீஷ் சொல்லை ஊர்தான் சொல்லிக்கொடுத்தது. கசாயம் காரமாக இருந்தால் பவர், காட்டிலாகா கார்டு அதட்டினால் பவர், அப்பா சந்தையில் வாங்கிவந்த டார்ச் லைட்டுக்குள் இருந்ததும் பவர். அந்த லைட்டைப் பட்டப்பகலில் பலாமரப் பொந்துகளுக்குள் அடித்து அடித்தே நான் பவரைத் தீர்த்துவிட்டேன். மறுநாள் விடியுமுன் மலையிறங்க அப்பாவுக்கு அதுதான் துணை. அவர் வழுக்கி விழுந்தால் அது என்னால்தானே! வெயில் பட்டால் பவர் ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி, பாறையில் காய்ந்த மிளகுக்குள் பேட்டரிக் கட்டைகளைச் செருகிவைத்தேன்.

சாயந்திரம் மிளகை அள்ளிய அப்பாவின் கையில் அவை அகப்பட்டன.

“இதென்ன கண்ணு?”

“பவர் ஏறட்டும்னு வெச்சேனுங்கப்பா.”

மோந்து பார்த்தவர் அடுக்கடுக்காகத் தும்மினார். “நல்லாவே ஏறியிருக்குது சாமி.”

லைட்டில் போட்டு அமுக்கியதும் மின்மினி போல எரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் அப்பா தீப்பந்தம் பிடித்துத்தான் இறங்கினார்; லைட்டை மட்டும் நான் பார்க்கும்படி இடுப்பில் செருகியிருந்தார்.