அம்மா எழுந்த கதிரை

பெரிய வியாழனன்று பாதர் மக்களின் பாதம் கழுவும் சடங்குக்காக, அம்பிட்டியவில் எங்கள் கோயிலுக்குத் தோட்டத் தொழிலாளர் பன்னிரண்டு பேரை அழைத்திருந்தார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. தேயிலை மலையில் ஏறியிறங்கி வெடித்த கால்கள் அவளுக்கு. நான் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க்.

பூசைக்கு முன், கதிரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கால்களைப் பங்குச்சபைத் தலைவர் குனிந்து பார்த்தார்.

“வெடிப்புல ரத்தம் கசியுதே, வீடியோ வேற எடுக்கிறாங்க.” பக்கத்தில் நின்ற என்னிடம் திரும்பினார். “மிஸ், நீங்க உக்காருங்க. நீங்களும் தோட்டத்துப் பிள்ளைதானே?”

அம்மா எழுந்துவிட்டாள். “உக்காரு புள்ள. சப்பாத்தைக் கழட்டிக் குடு.”

மனித மாண்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் வைத்த பாதர், என் வழுவழுப்பான பாதத்தைக் கழுவி முத்தமிட்டார். அம்மா என் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் யார் மனித மாண்பு என்றாலும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அம்மாவை எழுப்பியது தலைவர்தான். அந்தக் கதிரையில் உட்கார்ந்தது நான்.